அக்காவின் வலது கன்னம்

முகத்தில் கத்தி வைப்பதற்கு முன்னால் என்னை ஒரு படம் வரைந்துவிடு என்று அக்கா போனில் சொன்னபோது நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். துப்பிவிட்டு, சரி என்றேன். எப்போது வரட்டும் என்று கேட்டேன். சனிக்கிழமை என்றாள். போனை வைத்துவிட்டு வாய் கொப்பளித்தேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது, கடையைத் திறந்தேன், மேஜையைத் துடைத்தேன், எல்லாம் எப்போதும் போலத்தான் நடந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுதான் எனக்கே எரிச்சலாக இருந்தது.

அந்த நாட்களில் ஆளாளுக்கு என்னைத் தைரியசாலி என்றார்கள். சொந்தக்காரர்கள் போன் செய்து அழுவார்கள். நான் 'ம்' கொட்டிக்கொண்டே துவைத்த துணியை மடித்து வைப்பேன். தைரியமாவது ஒன்றாவது. பல்லுக்கு மரத்துப்போக ஊசி போட்ட பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டால்கூடத் தெரியாதல்லவா, அப்படி இருந்தேன். இதற்கெல்லாமா ஒருத்தியைப் பாராட்டுவார்கள்?

அக்காவுக்குக் கட்டி இருப்பதை முதலில் கண்டுபிடித்தவள் நான்தான். எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கண் பரிசோதனை வேறொருவர் செய்வார். பிரேமை முகத்துக்குத் தகுந்தபடி வளைத்து உட்கார வைப்பது என் வேலை. இரண்டு காதும் ஒரே உயரத்தில் உள்ள மனிதரை நான் இதுவரை பார்த்ததில்லை. ஒரு நாள் அக்கா கடைக்கு வந்து, கண்ணாடி கோணலாக நிற்கிறது, வாங்கினது உன் கடையில்தான், நீயே சரி செய் என்றாள். படுக்கும்போது கழற்றாமல் படுத்தால் இப்படித்தான் என்று திட்டிக்கொண்டே வலதுபக்கக் காம்பைச் சூடு காட்டி வளைத்தேன். போட்டுப் பார்த்தால் மறுபடியும் கோணல். கழற்றி மேஜைக் கண்ணாடிமேல் வைத்துப் பார்த்தேன். பிரேம் நேராகத்தான் இருந்தது. அப்படியென்றால் கோணல் முகத்தில். முடியை ஒதுக்கினேன். காதுக்குக் கீழே, தாடை திரும்பும் இடத்தில், புடைத்துக்கொண்டிருந்தது. காது மடலை லேசாக மேலே தள்ளியிருந்தது.

அது எச்சில் சுரப்பியில் வந்த கட்டி என்றார்கள். உயிருக்கு ஆபத்து என்று இப்போது சொல்ல முடியாது, ஆனால் விட்டு வைக்கவும் கூடாது என்றார்கள். சிக்கல் வேறு இடத்தில். முகத்தை அசைக்கும் நரம்பு அந்தச் சுரப்பிக்குள்ளேதான் ஓடுகிறதாம். கட்டியை எடுக்கும்போது அதற்கு என்ன ஆகும் என்று திறந்து பார்த்தால்தான் தெரியும் என்று சர்ஜன் சொன்னார். நரம்பு போய்விட்டால் வலதுபக்கம் கண் முழுதாக மூடாது, வாய் தொங்கும், சிரிப்பு அந்தப் பக்கம் வராது. அத்தான் அந்த அறையிலேயே அழுதுவிட்டார். நான் ரிப்போர்ட்டுகளை அடுக்கிப் பைக்குள் வைத்தேன்.

என் அக்கா வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அத்தான் டிரைவிங் ஸ்கூலின் ஆபீஸைப் பார்த்துக்கொள்வார், அக்கா தெருவில் இறங்குவாள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் ஒரு பிரேக் வைத்துக்கொண்டு, எத்தனையோ பேரைத் தெருவில் ஓடவிட்டிருக்கிறாள். வாயைத் திறந்து கத்த மாட்டாள். ஓட்டுகிறவர் தப்பாகக் கியர் போட்டால் அவளுடைய வலது உதட்டோரம் மெல்ல மேலே ஏறும். அது ஏறினால் ஏதோ செய்துவிட்டோம் என்று அர்த்தம். படிக்க வருகிறவர்கள் சாலையைப் பாதியும் அந்தக் கன்னத்தைப் பாதியும் பார்த்துத்தான் ஓட்டிப் பழகுவார்கள்.

நான் படம் வரைகிற கதையையும் சொல்லிவிடுகிறேன். வேலை முடிந்த பிறகு வாரத்தில் சில நாள் ஓவிய வகுப்புக்குப் போகிறேன். ஒரு சைக்கிள் கடைக்கு மேலே மாடியறை. கீழே டியூபில் காற்றடிக்கிற சத்தம், மேலே டர்பன்டைன் நாற்றம். டீச்சர் என்னைவிடச் சின்னவள், ஓயாமல் தும்முவாள். முகம் வரையப் பழக வேண்டுமென்றால் முதலில் பெரிய ஓவியர்கள் வரைந்த முகங்களைப் பார்த்து அப்படியே வரைய வேண்டும், சொந்தச் சரக்கெல்லாம் பிறகு என்பது அவள் கொள்கை. ஒரு பழைய ஓவியப் புத்தகத்தைப் பிரித்து, பக்கம் பக்கமாகப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒரு கட்டு வைத்திருந்தாள். அதிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுப்பாள். தொப்பி போட்ட கிழவர், முத்துக் கம்மல் பெண், வெள்ளைக் காலர் வைத்த வியாபாரி. அவளுக்கு இரண்டே விதி. படத்தில் கை வைக்கக் கூடாது. இன்னொன்று, நினைப்பில் இருப்பதைப் போடக் கூடாது, கண்ணுக்கு முன்னால் இருப்பதை மட்டும் போட வேண்டும்.

நான் அதில் கெட்டிக்காரி. சின்ன வயதிலேயே பழக்கம். அக்காவின் வீட்டுப்பாடத்தைப் பார்த்து எழுதும்போது அவள் அடித்துத் திருத்திய இடத்தில் நானும் அடித்துத் திருத்தி வைப்பேன். அவள் மை சிந்திய இடத்தில் நானும் ஒரு சொட்டு விடுவேன். அதிலிருந்து அவள் எனக்கு வைத்த பெயர் ஈயடிச்சான். கல்யாணமான பிறகும் அத்தான் முன்னால் அப்படித்தான் கூப்பிட்டாள். எனக்கும் அது பழகிவிட்டது.

கட்டி என்று தெரிந்த பிறகு நான் வகுப்புக்கு ஒரு நாள்கூடத் தவறவில்லை. அங்கே எனக்கு வசதியாக இருந்தது. அந்தக் கிழவரை யாரோ ஒருவர் எப்போதோ உட்காரவைத்து, பார்த்து, கஷ்டப்பட்டு, முடித்துவிட்டார். பார்க்கிற வேலையை இன்னொருவர் செய்து முடித்த பிறகு எனக்குக் கையை ஓட்டுவதுதான் பாக்கி. நெற்றியில் இவ்வளவு மஞ்சள், மூக்கு நிழலில் இவ்வளவு பச்சை. அவருக்கு நோய் வராது. கண்ணும் இமைக்காது. நான் அழுகிறேனா என்று திரும்பிக் கேட்கவும் மாட்டார்.

சனிக்கிழமை பலகை, வண்ணப் பெட்டி, மடக்கு ஸ்டாண்டு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போனேன். அத்தான் வீட்டுக் கதவுக் கீல்களுக்கெல்லாம் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். சத்தம் போடாத கீலுக்கும் விட்டார். அக்கா தலை சீவி, ஆரஞ்சு நிறச் சட்டை போட்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு தயாராக இருந்தாள். எங்கே உட்காரட்டும் என்று கேட்டாள். ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, கொஞ்சம் இப்படித் திரும்பு, இன்னும் கொஞ்சம், போதும் என்று உட்காரவைத்தேன்.

படம் அருமையாக வந்தது. எனக்கே ஆச்சரியம். நெற்றி ஒரே வீச்சில் விழுந்தது. மூக்கு நிழல், கன்னத்து எலும்பு, காதுக்குப் போகிற வளைவு, எல்லாம் கை தானாகப் போய் உட்கார்ந்தது. உயிரோடு இருக்கிற ஆளை வரைவது இவ்வளவு சுலபமா, இதற்கா டீச்சர் இத்தனை பயமுறுத்தினாள் என்று நினைத்தேன். அக்கா பாதியில் டிரைவிங் கற்க வந்த ஒரு போலீஸ்காரர் கதையைச் சொன்னாள். அசையாதே என்றேன். முடித்துப் பலகையை அவள் பக்கம் திருப்பினேன்.

அக்கா ரொம்ப நேரம் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு தடவை பார்த்தாள். அத்தான் எண்ணெய்க் கையோடு வந்து, ரொம்ப அழகா இருக்கு என்றார். அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் போய்விட்டார்.

"கட்டி எங்க?" என்றாள்.

அது அந்தப் பக்கம், இதில் தெரியாது என்றேன்.

"என்னை எதுக்கு இப்படி உக்கார வெச்ச?"

எனக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. "எல்லாப் படத்துலயும் இப்படித்தான் உக்காந்திருப்பாங்க" என்றேன்.

அக்கா சிரித்தாள். பிறகு தன் இடது கன்னத்தைத் தட்டிக் காட்டினாள். "இந்தப் பக்கம் எப்படியும் இருக்கும்டி. போகப் போறது அந்தப் பக்கம். எனக்கு அதுதான் வேணும்."

வீட்டுக்கு வந்து நான் இதுவரை செய்த நகல்களையெல்லாம் தரையில் பரப்பினேன். கிழவர், கம்மல் பெண், வியாபாரி, பாதிரியார், யாரோ ஒருத்தரின் பெண்டாட்டி. அத்தனை பேரும் ஒரே பக்கம் திரும்பியிருந்தார்கள். அத்தனை பேருக்கும் இடது கன்னம்தான். வருஷக்கணக்காக வரைந்திருக்கிறேன், கவனித்ததில்லை. முகம் என்றால் என் கைக்கு அந்த ஒரு பக்கம்தான். டீச்சருக்குப் போன் செய்தேன். வலது கைக்காரர்களுக்கு அந்தப் பக்கம் வரைவது சுலபம், அதனால் பழைய ஓவியர்கள் நிறையப் பேர் அப்படித்தான் உட்காரவைத்தார்கள், வகுப்பில் கொடுக்கிற படக் கட்டும் தான் வரைந்து பழகியதுதான் என்றாள். பிறகு ஒரு தும்மல் போட்டுவிட்டு, உண்மையைச் சொன்னால் அந்தப் பக்கம் தனக்கும் சரியாக வராது என்றாள். நல்ல டீச்சர் கிடைத்தாள் எனக்கு.

ஆனால் ராத்திரி சோற்றைப் பிசையும்போது வேறொன்று உறைத்தது. அக்காவைச் சாய்த்து உட்காரவைக்க, நேரெதிரில் உட்காரவைக்க, எத்தனையோ விதம் இருந்தது. கடையில் முடியை ஒதுக்கிப் பார்த்தேனே, அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. ஆஸ்பத்திரி பெஞ்சிலும் அவளுக்கு இடதுபக்கம்தான் உட்கார்ந்தேன். காரில் பின்சீட்டில் ஏறினேன். கையைப் பழிசொல்லி என்ன பிரயோஜனம்? ஆனாலும் அப்போதும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மீதிச் சோற்றைச் சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்தேன்.

மறுநாள் ஞாயிறு. புதன்கிழமை ஆபரேஷன். நான் ஒரு தந்திரத்தோடு போனேன். அலமாரிக் கதவில் இருக்கும் ஆளுயரக் கண்ணாடி முன்னால் அக்காவை உட்காரவைத்து, கண்ணாடிக்குள் தெரிகிற முகத்தை வரைந்தால் வலது கன்னம் இடதுபோலத் தெரியும். கை தானாக ஓடும். விளக்கியதும் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

"காப்பி அடிக்கறதுக்கே ஒரு காப்பியா? ஈயடிச்சான், எதிர்ல வந்து உக்காரு."

உட்கார்ந்தேன். வலது கன்னம் என் முன்னால் முழுதாக இருந்தது. கரியை எடுத்துத் தாடையைப் போட்டேன், அது அக்காவின் தாடையாக இல்லை, வியாபாரியின் தாடையாக இருந்தது. அழித்தேன். மறுபடி போட்டால் கம்மல் பெண்ணின் தாடை. ஜன்னல் தப்பான பக்கத்தில் இருக்கிறது என்றேன். ஸ்டூல் உயரம் பற்றவில்லை என்றேன். அத்தான் ஆணி அடிக்கிற சத்தத்தில் கவனம் போகிறது என்றேன். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம் என்று அக்கா மேலே பார்த்துக்கொண்டு சொன்னாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தப் பக்கம் எனக்கு வராது, வராததை என்ன செய்யச் சொல்கிறாய், போட்டோ எடுத்துக்கொள், ஆயிரம் எடுத்துக்கொள், என்னை எதற்குப் படுத்துகிறாய் என்று கத்தினேன்.

அக்கா பதிலுக்குக் கத்தவில்லை. போட்டோ எடுக்க எல்லாருக்கும் ஒரு நொடி போதும், நீயாவது கொஞ்ச நேரம் பார்ப்பாய் என்று நினைத்தேன் என்றாள். பிறகு, கண்ணால் பார்த்துத் தெரியாவிட்டால் தொட்டுப் பார் என்றாள்.

வகுப்பில் தொடக் கூடாது என்றேன். எவ்வளவு பைத்தியக்காரத்தனமான பதில் என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது.

"நான் என்ன பிளாஸ்டிக் உறையிலயா இருக்கேன்?" என்றாள்.

கரி படிந்த கையைச் சட்டையில் துடைத்துவிட்டு அவள் கன்னத்தில் வைத்தேன். உள்ளங்கைக்குக் கீழே கட்டி இருந்தது. பாதி வெந்த உருளைக்கிழங்கு மாதிரி. அதற்குமேல் தோல் சாதாரணத் தோலாக, வெதுவெதுப்பாக இருந்தது. தாடை எலும்பு எங்கே ஆரம்பிக்கிறது, கட்டி அதை எங்கே மறைக்கிறது என்று விரலால் தேடினேன். என் கட்டைவிரல் அவளுடைய உதட்டோரத்தில் இருந்தது.

அக்காவுக்குக் கூச்சம். கையை எடுடி என்றாள். சொல்லும்போதே அந்த உதட்டோரம் ஏறியது. முதலில் விரலுக்குக் கீழே ஏதோ இழுத்தது, பிறகு கன்னம் முழுவதும் கூடவே எழுந்தது. கட்டியைத் தாண்டிக்கொண்டு, அது ஒன்று அங்கே கிடப்பதையே சட்டை செய்யாமல், சிரிப்பு மேலே போனது. அதை நான் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பயம் வந்தது. மெல்ல வரவில்லை. ஒரேயடியாக வந்தது. அவள் கன்னத்திலிருந்து கையை எடுக்கவும் முடியவில்லை.

"எனக்குப் பயமா இருக்குக்கா" என்றேன்.

அக்கா என் கையின்மேல் தன் கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

"அப்பாடா" என்றாள். "இந்த வீட்ல எனக்கு மட்டுந்தான் பயமா இருக்குன்னு நெனச்சிட்டிருந்தேன். அவரு கீலுக்கு எண்ணெ போடறாரு. நீ பேப்பர அடுக்கற."

இரண்டு பேரும் அழுதோம். அதிகமில்லை, கொஞ்சம்தான். அத்தான் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். அன்று சாயங்காலம்வரை வரைந்தேன். நான் வரைந்ததிலேயே அவலட்சணமான படம் அது. காது இடம் மாறி நின்றது, மூக்கு ஒருபக்கம் வீங்கியது போலிருந்தது, கன்னத்தில் வண்ணம் சேறாகிவிட்டது. ஆனால் கட்டி அதன் இடத்தில் இருந்தது, அதற்குமேல் உதட்டோரம் ஏறியிருந்தது. அக்கா பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றாமலே பார்த்தாள். தப்பாகக் கியர் போட்டவனைப் பார்ப்பது போல இருக்கிறது என்றாள். இதை ஆணியில் மாட்டு என்று அத்தானிடம் கொடுத்தாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டி மோசமான ஜாதியில்லை என்று பரிசோதனையில் வந்தது. நரம்பை அறுக்கவில்லை, ஆனால் கட்டியிலிருந்து பிரிக்க இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது என்று சர்ஜன் சொன்னார். அசைவு திரும்பி வரலாம், வராமலும் போகலாம், பொறுத்துப் பார்க்க வேண்டும் என்றார். கட்டுப் பிரித்த அன்று முகத்தின் வலதுபாதி தூங்குகிற ஆளின் முகமாக இருந்தது. கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொள்கிறாள், படுக்கும்போது இமையை டேப் போட்டு ஒட்டிக்கொள்கிறாள். தண்ணீர் குடித்தால் ஓரமாக வழிகிறது. அவளுடைய மூக்குக்கண்ணாடியைப் பழையபடி வளைத்துக் கொடுத்தேன். இப்போது நேராக உட்கார்கிறது. மாட்டிவிடும்போது காது மடலில் என் நகம் பட்டது. வலிக்குதா என்றேன். எங்கே தொட்டாய் என்று கேட்டாள்.

பிசியோதெரபி சொல்லிக்கொடுக்க வந்த பெண், தினமும் முகம் பார்க்கும் கண்ணாடி முன் உட்கார்ந்து உதட்டோரத்தை விரலால் தூக்கித் தூக்கிப் பழக வேண்டும், பழைய சிரிப்பு எப்படி இருந்தது என்று மனதில் வைத்துக்கொண்டு செய்ய வேண்டும் என்றாள். அக்கா என் படத்தை ஆணியிலிருந்து எடுத்துக் கண்ணாடிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டாள். படத்தில் இருக்கிற பக்கம் ஒன்று, கண்ணாடியில் தெரிகிற பக்கம் வேறு, பார்த்துச் செய்யக் குழப்பமாக இருக்கிறது, அன்றைக்கு நீ சொன்ன மாதிரி அலமாரிக் கண்ணாடியைப் பார்த்தே வரைந்திருந்தால் இப்போது உபயோகப்பட்டிருக்கும் என்றாள். வார்த்தைகள் ஓரமாகக் குழறின. இடதுபக்கம் மட்டும் சிரித்தாள்.

"கண்ணாடி வேணாம். நீ எதிர்ல உக்காரு. நான் பண்றேன், நீ படத்தப் பாத்து சரியான்னு சொல்லு."

அதிலிருந்து கடை விட்டு நேரே அங்கேதான் போகிறேன். வகுப்புக்குப் போவதில்லை. அவள் நாற்காலியில் உட்காருவாள். நான் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு எதிரில், அந்தப் பக்கமாக, படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவேன். அவள் விரலால் உதட்டோரத்தைத் தூக்குவாள். இன்னும் கொஞ்சம் மேலே என்பேன். கன்னத்தையும் சேர்த்துத் தூக்கு என்பேன். நான் வரைந்த அந்தச் சேற்றுக் கன்னத்தைப் பார்த்துப் பார்த்து என் அக்கா தன் முகத்தைப் பழகுகிறாள். சரியான இடம் வந்ததும் போதும் என்பேன். அவள் விரலை எடுப்பாள். கன்னம் கீழே வந்துவிடும்.

"இப்ப அசைஞ்சுதா?"

தினமும் கேட்கிறாள். கேட்கும்போது அவள் கண் என் கண்ணை விடுவதில்லை. அத்தான் சமையலறையில் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிடுவார். ஆமாம் என்று சொல்ல எனக்கு நாக்கு வரை வரும். நான் இன்னும் கிட்டே போய், உதட்டோரத்தை, அதற்குமேல் உள்ள மடிப்பை, தையல் தழும்பு காதுக்குப் போகிற இடத்தை, ஒவ்வொன்றாகப் பார்ப்பேன்.

"இல்லக்கா."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்."

சரி என்று விரலை மறுபடியும் உதட்டோரத்தில் வைத்துக்கொள்கிறாள். நான் ஸ்டூலை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்கிறேன்.